மகளின் ‘இம்யூன் பெக்கேஜ்’ ரிப்போர்ட்டில் நாலு இடத்தில் சிவப்பு: அடுத்தது சிடி4, சிடி8 எடுக்கவேணுமா?

நிலா_அம்மா (வெள்ளவத்தை)

வணக்கம். மகளுக்கு நாலு வயசு. ஜனவரியில் நேர்சரி தொடங்கினதிலிருந்து மாதம் தவறாமல் தடிமன். மூக்கு ஓடும், ரெண்டு நாள் காய்ச்சல், பிறகு இருமல் மட்டும் கிழமைக்கணக்கா இழுக்கும். அது ஓயமுதல் அடுத்தது. நிமோனியா வந்ததில்லை, ஆஸ்பத்திரியில் வச்சிருந்ததும் இல்லை. நிறையும் உயரமும் பிள்ளை சுகாதாரப் புத்தகத்தில் கோட்டோட ஒழுங்காத்தான் போகுது.

மாமிக்குப் பயம். “இவளுக்கு எதிர்ப்புச்சக்தியே இல்லை, நீர் பாத்துக்கொண்டு இருக்கிறீர்” எண்டு ஒவ்வொரு நாளும் அதே கதை. போன கிழமை காய்ச்சல் நேரம் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்கான பெக்கேஜ் ஒண்டு செய்வித்தோம். டொக்டர் எழுதித் தரேல்லை, நாங்களாப் போனதுதான். ஐஜி எண்டு தொடங்கிற மூன்றும் கிருமியை எதிர்க்கிற எதிர்ப்பொருள்களாம்.

ஐஜிஜி 6.4 கிராம்/லீற்றர் – சிவப்பு
ஐஜிஏ 0.52 – சிவப்பு
ஐஜிஎம் 0.9 – சரி
வைட்டமின் டி 14 நனோகிராம்/மில்லிலீற்றர் – சிவப்பு
வைட்டமின் ஏ 0.62 மைக்ரோமோல்/லீற்றர் – சிவப்பு
வைட்டமின் ஈ – சரி
சிஆர்பி (உடம்பில் அழற்சி இருக்கோ எண்டு காட்டுறது) 38

அடுத்த கட்டமா சிடி3, சிடி4, சிடி8 (இரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புச் செல்லுகளை வகைவாரியா எண்ணுறது) எடுக்கச் சொல்லினம். விலை கொஞ்சநஞ்சமில்லை. எடுக்கிறதா விடுறதா? பிள்ளை டொக்டரைச் சனல் பண்ணியிருக்கிறன், அடுத்த கிழமைதான் நம்பர் கிடைச்சது.

கொட்டாஞ்சேனைக்காரன்

அக்கா, எங்க பையனுக்கும் இதே கதைதான். ஃபார்மசியில ஒரு இம்யூன் சிரப் குடுத்தாங்க. மூணு மாசத்துல எல்லாம் நின்னுடுச்சு. வேணும்னா பேர் சொல்றேன்.

தெஹிவளை_அப்பா

மூன்று மாதத்தில் மழையும் முடிஞ்சிருக்கும் தம்பி. கொழும்பில் மே, ஜூனில் ஒருக்கா, வருசக் கடைசியில் ஒருக்கா இன்ஃபுளுவென்சா கூடிக் குறையும். கூடின நேரம் சிரப்பைத் தொடங்கி, குறையிற நேரம் நிப்பாட்டினால் சிரப்புக்குத்தான் பேர்.

குருதிக்குழாய்

நிலா அம்மா, நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்யிறன், டொக்டர் இல்லை. இலக்கங்களைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

முதலில் ஐஜிஏ. பக்கத்தில் எல்லை 0.7 – 4.0 எண்டு அச்சடிச்சிருக்குமே? அது பெரிய ஆக்களின்ர எல்லை. மெஷினுக்கு உங்கட மகளின்ர வயசு தெரியாது. அல்லது தெரிஞ்சும் ரிப்போர்ட் எழுதுற மென்பொருளில் வயசுவாரி அட்டவணையை ஒருத்தரும் ஏத்தேல்லை. பிறக்கிற பிள்ளையின்ர உடம்பில் இருக்கிற ஐஜிஜி கிட்டத்தட்ட முழுக்கத் தாயிட்டயிருந்து நஞ்சுக்கொடி வழியா வந்தது. மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் அது கரைஞ்சு அடிமட்டத்துக்கு வரும். பிறகு பிள்ளை தானாச் செய்யத் தொடங்கும். ஐஜிஎம் ஒரு வயசளவில் பெரிய ஆக்களின்ர அளவை எட்டிப் பிடிச்சிடும். ஐஜிஜிக்குப் பள்ளிக்கூட வயசு வரவேணும். ஐஜிஏதான் எல்லாத்திலும் மெதுவு, பதின்ம வயசு வரைக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். நாலு வயசுக்கு 0.25 இலிருந்து 1.5 வரைக்கும் சாதாரணம், ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சொற்பம் மாறும். 0.52 எண்டால் நடுவில் வடிவா இருக்கு. ஐஜிஜி 6.4 உம் அப்படித்தான். ஐஜிஏ குறைபாடு எண்டு உண்மையாச் சொல்லுறது நாலு வயசுக்கு மேல் 0.07க்குக் கீழ போனால். அப்படிப் போன ஆக்களிலும் கனபேர் ஒரு வருத்தமும் இல்லாமல் வாழ்ந்திட்டுப் போயினம்.

ரெண்டாவது வைட்டமின் ஏ. சிஆர்பி 38 எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள், அதாவது இரத்தம் எடுத்த அண்டு உடம்புக்குள்ள சண்டை நடந்துகொண்டிருந்தது. இரத்தத்தில் ரெட்டினோலை, அதாவது வைட்டமின் ஏயை, காவுற புரதத்தை ஈரல்தான் செய்யிறது. தொற்று வந்தால் ஈரல் அதைக் குறைச்சுப்போடும். உடம்பில் வைட்டமின் ஏ இருப்பு நல்லா இருந்தாலும் அண்டைக்கு இரத்தத்தில் குறைஞ்சுதான் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின்ர கோடு 0.70. காய்ச்சல் நாளில் 0.62 வந்ததை வச்சுக் குறைபாடு எண்டு நான் கையெழுத்துப் போடமாட்டன். இன்னொண்டு, ரெட்டினோல் வெளிச்சத்தில் கெட்டுப்போற சாமான். குழாயை ஃபொயிலால் சுத்தி அனுப்பினவையோ எண்டு கேட்டுப் பாருங்கோ. பதில் சொல்லத் தடுமாறினால் அந்த இலக்கத்தை மறந்திடுங்கோ.

டி மட்டும் வேற கதை. காய்ச்சலில் அதுவும் கொஞ்சம் இறங்கும், ஆனால் 14 எண்டதை முழுக்கக் காய்ச்சலின்ர தலையில் போடேலாது. ரிப்போர்ட்டில் 25-ஹைட்ரொக்சி எண்டு இருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ. 1,25 எண்டு இருந்தால் அது வேற சோதனை, குறைபாடு உள்ள பிள்ளைக்கும் சரியெண்டு காட்டும்.

நிலா_அம்மா (வெள்ளவத்தை)

25-ஹைட்ரொக்சிதான். ஃபொயிலைப் பற்றிக் கேட்டன், “சிஸ்டத்தில் பாத்துச் சொல்லுறம்” எண்டினம்.

பம்பலப்பிட்டி_பாட்டா

பிள்ளை, எங்கட காலத்தில் இந்த ஏ, டி, ஈ ஒண்டும் இல்லை. காலமை ஆறரைக்குக் குழந்தையை இளவெயிலில் காட்டுவம், தடிமன் எண்டால் கொத்தமல்லி அவிச்சுக் குடுப்பம். இப்ப ஃபிளாட்டில் அடைச்சுவச்சு ஃபோனைக் குடுத்துப்போட்டு, வெயில் காணேல்லை எண்டு இரத்தம் எடுக்கினம்.

தெஹிவளை_அப்பா

பாட்டா, ஃபிளாட் விசயத்தில் நீங்கள் சொல்லுறது நூற்றுக்கு நூறு. ஆனால் ஆறரை வெயிலில் தோலில் வைட்டமின் டி செய்யிற கதிர் மிச்சம் குறைவு. சூரியன் சரிஞ்சு நிக்கேக்க அந்தக் கதிரை வளிமண்டலமே வடிச்சுப்போடும். உங்கட நிழல் உங்களை விடக் குட்டையா இருக்கிற நேரம்தான் சரியான நேரம். அதாவது காலமை பத்து மணி தொடக்கம். நேர்சரிப் பிள்ளையள் அந்த நேரம் கூரைக்குக் கீழ. எங்கட தோல் நிறத்துக்கு வெள்ளைக்காரரை விடக் கூடின நேரமும் வேணும். பூமத்தியரேகைக்குக் கிட்ட இருந்துகொண்டு தெற்காசியப் பிள்ளையளுக்கு டி குறையிறது இப்படித்தான்.

நிலா அம்மாவின்ர கேள்விக்கு வாறன். சீனாவிலிருந்து இந்த விசயத்தில் கட்டுரைகள் குவியுது. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளையள் ஒரு குழு, சுகமான பிள்ளையள் ஒரு குழு. ஏ, டி, ஈ, ஐஜிஏ, ஐஜிஜி, சிடி4 எல்லாம் முதல் குழுவில்தான் குறைவு. ஒண்டு ரெண்டு எண்டால் தற்செயல் எண்டு விடலாம், எல்லாக் கட்டுரையும் ஒரே பக்கம் காட்டினால்? டி குறைஞ்சால் கிருமியைக் கொல்லுற கதெலிசிடின் எண்ட புரதத்தின்ர உற்பத்தி குறையும் எண்டு 2006 இல் ‘சயன்ஸ்’ இதழிலேயே காட்டியாச்சு. ஆனபடியால் சோதனை வீணில்லை. டியைக் குடுங்கோ, ஏயையும் குடுங்கோ.

கடலோரம்

> எல்லாக் கட்டுரையும் ஒரே பக்கம் காட்டினால்?

ஒரே பிழையை எல்லாரும் செய்தாலும் ஒரே பக்கம்தான் காட்டும் அண்ணா. மாதாமாதம் காய்ச்சல் வாற பிள்ளை சாப்பிடாது, வெளியில் போய் விளையாடாது. போதாக்குறைக்கு, குருதிக்குழாய் சொன்னமாதிரி, தொற்றே சில இலக்கங்களை இறக்கும். ரெண்டு குழுவையும் பக்கத்தில் வச்சு ஒருநாள் இரத்தம் எடுத்தால், வைட்டமின் குறைஞ்சு சளி வந்ததோ சளி வந்து வைட்டமின் குறைஞ்சதோ எண்டு அந்தக் கட்டுரை சொல்லாது. சிடி4/சிடி8 விகிதமும் அப்படித்தான். வைரஸ் காய்ச்சல் ஒண்டு வந்துபோனால் சிடி8 பெருகி விகிதம் தலைகீழாகும், பிறகு தானா வழிக்கு வரும்.

அறியிறதுக்கு ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு வைட்டமினைக் குடுத்துப் பாக்கிறது. அது நடந்திருக்கு. ரொறன்ரோவில் ஒண்டு தொடக்கம் அஞ்சு வயசுப் பிள்ளையள் 703 பேரில் ஒரு பாதிக்கு நாளுக்கு 2000 யுனிட் டி, மற்றப் பாதிக்கு 400. குளிர்காலம் முழுக்கப் பாத்தும் தடிமன் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை (2017).

தெஹிவளை_அப்பா

ரொறன்ரோப் பிள்ளையளுக்கு முதலே டி காணுமானளவு இருந்தது. நிறைஞ்ச குடத்தில் தண்ணி வாத்திட்டு ஏறேல்லை எண்டால்? மொங்கோலியாவை ஏன் விட்டியள்? அங்க பள்ளிப் பிள்ளையளின்ர டி 7 நனோகிராம் அளவில் கிடந்தது. பாலில் நாளுக்கு 300 யுனிட் சேர்த்துக் குடுக்க, அந்தக் குளிர்காலத்தில் பெற்றோர் சொன்ன சுவாசத்தொற்று ஏறக்குறையப் பாதியாக் குறைஞ்சது (2012). நிலா அம்மாவின்ர மகள் 14 இல் நிக்கிறா. அவ ரொறன்ரோவுக்குக் கிட்டவோ மொங்கோலியாவுக்குக் கிட்டவோ?

கடலோரம்

அதே 2012 இல் காபூலில் 3000க்கு மேற்பட்ட கைக்குழந்தையளுக்கு மூன்று மாதத்துக்கொருக்கா ஒரு லட்சம் யுனிட் குடுத்தவை. அந்த ஊரில் டி குறைபாடு தாராளம். நிமோனியா குறையேல்லை. திரும்பத் திரும்ப வாற நிமோனியா டி குடுத்த குழுவில் கூடவும் இருந்தது. மொங்கோலியாவை மட்டும் பிடிச்சுக்கொண்டு காபூலை விடேலாது.

தெஹிவளை_அப்பா

ஒரே தரத்தில் லட்சம் யுனிட் ஊத்துறதும் நாளாந்தம் கொஞ்சம் குடுக்கிறதும் ஒண்டில்லை. 2017 இல் 25 சோதனையளை ஒண்டாச் சேர்த்துப் பாத்ததிலும் இதைத்தான் கண்டவை: தினமும் அல்லது கிழமைக்கொருக்கா குடுத்ததில் பலன், மொத்தமாக் குடுத்ததில் இல்லை, மிகக் குறைவா இருந்த ஆக்களுக்குக் கூடின பலன்.

கடலோரம்

2021 இல் அதே ஆக்கள் கூடின சோதனையளைச் சேர்த்துப் பாக்கப் பலன் சுருங்கிப்போச்சு. 2025 இல் திரும்பச் சேர்க்க, பலன் இருக்கெண்டு அடிச்சுச் சொல்லேலாத இடத்துக்கே வந்திட்டுது. ஒவ்வொரு முறையும் கூட்டக் கூட்டத் தேயுற பலனை நான் நம்பமாட்டன்.

14 க்கு டி குடுக்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. குடுக்கவேணும், எலும்புக்காக. சளி நிக்கும் எண்டு குடுத்தால், நிக்காதபோது அளவைக் கூட்டுவியள். 60,000 யுனிட் பக்கெட்டை ஒவ்வொரு நாளும் குடுத்து, கல்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலுமா வந்து சிறுநீரகம் வரைக்கும் போன பிள்ளையள் இந்தப் பிராந்தியத்தில் இருக்கினம்.

தெஹிவளை_அப்பா

அளவு விசயத்தில் சண்டையில்லை. மற்றதில் நான் இன்னும் மொங்கோலியாவில்தான் நிக்கிறன்.

தெமட்டகொட_உம்மா

நிலா அம்மாவுக்கு சிடி டெஸ்ட் தேவல்ல எண்டுதான் நானும் நெனக்கிறன். ஆனா இந்த டெஸ்டெல்லாம் காசு பறிக்கிற வேல எண்டு வாசிக்கிறவங்க நெனச்சிடப்படாது, அதுக்காக எழுதுறன்.

எங்கட மகன் ஆறு மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார். அதுக்குப் பொறகு காதுல சீழ், நிமோனியா, வாட்டுல ஊசி மருந்து, வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல திரும்ப நிமோனியா. நேர்சரியும் இல்ல, வீட்டுல வேற புள்ளயும் இல்ல, யார்ட்ட இருந்து தொத்துறதாம்? ஒரு டொக்டர் நாக்க அழுத்தித் தொண்டயப் பாத்துட்டு “இவர்ட டொன்சில் எங்க?” எண்டு கேட்டார். நாங்க முழிச்சோம். அடுத்ததா, உங்கட தாய் பக்கத்துல சின்ன வயசுல மௌத்தான ஆம்புளப் புள்ளகள் இருக்காங்களா எண்டார். என்ட உம்மாட தம்பி ஒருத்தர் இருந்தார், நெஞ்சுச்சளியில மௌத்தானவர் எண்டு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூணுமே இல்லாத மாதிரித்தான். சிடி19 எண்டு, எதிர்ப்பொருள் செய்யிற பீ செல்லுகள எண்ணுற டெஸ்ட், அதுவும் பூச்சியம். தாய் வழியா ஆம்புளப் புள்ளகளுக்கு வாற நோய், 1952ல புரூட்டன் எண்ட டொக்டர் முதல்ல கண்டுபிடிச்சதாம். ஆறு மாசம் வரைக்கும் என்ட ஐஜிஜிலதான் அவர் ஓடியிருக்கார். இப்ப மாசா மாசம் இம்யூனோகுளோபுலின் ஏத்துறோம். அல்ஹம்துலில்லாஹ், ஸ்கூலுக்குப் போறார், தடிமனும் வரும், மத்தப் புள்ளகளப் போல போகும்.

வைட்டமின் எவ்வளவு குடுத்திருந்தாலும் அவருக்கு ஒண்டும் நடந்திருக்காது. குடுத்தோம், அதனாலதான் சொல்றன்.

கொட்டாஞ்சேனைக்காரன்

உம்மா, படிச்சிட்டுப் பேச்சு வரல. சிரப் பேர் கேட்டு ரெண்டு பேர் இன்பொக்ஸ் வந்தாங்க, குடுக்கல.

சிறுவர்_வாட்

நான் பிள்ளை நோயியல் பிரிவில் வேலை செய்கிறேன். ஆளைப் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

நேர்சரி வயதில் வருடத்துக்கு ஆறு, எட்டுத் தடிமன் சாதாரணம். முதல் வருடத்தில் பத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு கிழமை இழுத்தால் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு மூக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அம்மாவுக்கு அது வருடம் முழுவதும் போலத்தான் தெரியும். எதிர்ப்புச்சக்திப் பிரிவுக்கு “அடிக்கடி தொற்று” என்று அனுப்பப்படும் பிள்ளைகளிலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் முழுச் சுகதேகிகள், 30 வீதம் ஒவ்வாமைக்காரர், 10 வீதம் வேறு நாட்பட்ட நோய், மீதி 10 வீதம்தான் உண்மையான எதிர்ப்புச்சக்திக் குறைபாடு என்று நாங்கள் படித்த பழைய கணக்கு. என் அனுபவத்தில் கொழும்பில் அந்த ஒவ்வாமைப் பங்கு இன்னும் கூட இருக்கும்போலத் தோன்றுகிறது. இரவில் இருமல், ஓடினால் இருமல், காய்ச்சலே இல்லாத ‘தடிமன்’, அப்பாவுக்குச் சின்ன வயதில் முட்டு (ஆஸ்துமா): இதற்கு அன்ரிபயோற்றிக்கும் வேலை செய்யாது, வைட்டமினும் வேலை செய்யாது. வாயால் மூச்சு விட்டுக் குறட்டை விடுகிற பிள்ளைக்கு அடினொயிட்டை (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) பாருங்கள்.

வீட்டுக்குள் நுளம்புச்சுருள் கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்தூசு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003 இல் அளந்து காட்டினார்கள். டெங்கு ஊரில் நுளம்பைச் சும்மா விடச் சொல்லவில்லை, வலை கட்டுங்கள். சாம்பிராணியையும் பிள்ளை படுக்கும் அறையில் போடாதீர்கள். இம்யூன் பெக்கேஜ் எதிலும் இந்தக் கேள்வி கிடையாது, எனக்கு அதில்தான் கோபம்.

எப்போது பயப்பட வேண்டும்? ஒரு வருடத்துக்குள் இரண்டு நிமோனியா. ஒரு வருடத்துக்குள் நாலு அல்லது அதற்கு மேற்பட்ட காதுத்தொற்று. இரண்டு மாதம் அன்ரிபயோற்றிக் குடுத்தும் பலன் இல்லை. குழந்தைக்கு நிறை ஏறவில்லை. ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் வெண்படலம். ஆழமான சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப. குடும்பத்தில் இப்படி ஒரு நோய். அப்போதும் முதலில் செய்வது மலிவான எஃப்பிசி, அதாவது முழு இரத்தக் கணக்கு. அதில் லிம்ஃபோசைட் (ஒரு வகை வெள்ளை அணு) எண்ணிக்கையை வயதோடு சேர்த்துப் பார்ப்போம். கைக்குழந்தைக்கு 3000க்குக் கீழே போனால் நிமிர்ந்து உட்காருவோம். பிறகுதான் ஐஜி வகைகள், அதற்கும் பிறகு தடுப்பூசிக்கு உடம்பு எதிர்ப்பொருள் செய்திருக்கிறதா என்று பார்ப்பது, சிடி கணக்கு. எக்ஸ்ரேயில் ஒரே நுரையீரலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா என்றால் இரத்தத்தைத் தேடாதீர்கள், மூச்சுக்குழாயில் கச்சான் பருப்புச் சிக்கியிருக்கிறதா என்று தேடுங்கள்.

நிலா அம்மா, நீங்கள் எழுதியதில் இந்த அடையாளம் ஒன்றும் இல்லை. சிடி சோதனைக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. டி குறைவைப் பற்றி உங்கள் டொக்டர் அளவு எழுதித் தருவார், கடையில் கேட்டு வாங்க வேண்டாம். ஏ பற்றி: கிளினிக்கில் ஆறு மாதத்துக்கொருமுறை தரும் வைட்டமின் ஏ மெகாடோஸ் விடுபட்டிருக்கிறதா என்று புத்தகத்தில் பாருங்கள். விடுபட்டிருந்தால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அதற்குமேல் மீனெண்ணெய், சிரப் என்று அடுக்காதீர்கள், ஏ உடம்பில் தேங்கும். அதுவும் சளிக்கான மருந்து இல்லை. ஏ குறைபாடு உள்ள நாடுகளில் அது பிள்ளைகளின் இறப்பைக் குறைத்தது உண்மை, வயிற்றோட்டத்திலும் சின்னமுத்திலும்.

நிலா_அம்மா (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் நன்றி. புத்தகத்தைப் பாத்தன், கடைசி மெகாடோஸ் விடுபட்டுத்தான் இருக்கு. அண்டைக்குக் காய்ச்சல் எண்டு போகேல்லை. சுருள் ஒவ்வொரு இரவும் கொளுத்துறது. மாமியின்ர அறையில்தான், ஆனால் மகள் படுக்கிறதும் அங்கதான். எப்படிச் சொல்லுறது எண்டு யோசிக்கிறன்.

பம்பலப்பிட்டி_பாட்டா

டொக்டர் சொன்னவர் எண்டு சொல்லும் பிள்ளை. நீர் சொன்னால் கேட்கமாட்டா. கொத்தமல்லியைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, ஆனபடியால் குடுக்கலாம்.

புதுசு_வத்தளை

வேற ஆள்ட இழையில கேக்கிறதுக்கு மன்னிச்சுக்கங்க. உம்மா எழுதினதப் படிச்சதிலிருந்து மனசு சரியில்ல. மகனுக்கு அஞ்சு மாசம். பிறந்தப்போ போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி எடம் இன்னும் காயல, அந்தப் பக்கம் கம்புக்கூட்டுல கட்டி. வாயில வெள்ளை போகவே மாட்டேங்குது. மூணு மாசத்துக்கப்புறம் நிறை ஏறல. மூத்த மகன் அஞ்சு மாசத்துல நெஞ்சுச்சளியில தவறிட்டாரு. நானும் வீட்டுக்காரரும் சொந்தத்துலதான் முடிச்சோம். இவருக்கு அந்த பெக்கேஜ் செய்யலாமா?

சிறுவர்_வாட்

பெக்கேஜ் வேண்டாம். சனல் பண்ணி நம்பருக்குக் காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே பொரளை லேடி ரிட்ஜ்வேக்குக் கொண்டுபோங்கள். இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள்: பிசிஜி இடம், கட்டி, வாயில் வெண்படலம், நிறை, மூத்தவரின் இறப்பு, சொந்தத்தில் கலியாணம். ஒன்றையும் விடாதீர்கள். இவருக்குத்தான் எஃப்பிசியும் சிடி கணக்கும் அவசரமாகத் தேவைப்படலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வாயில் விடும் போலியோ சொட்டு உட்பட உயிருள்ள தடுப்பு மருந்து எதையும் அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை கொடுக்க வேண்டாம். தடிமன் உள்ளவர்கள் யாரும் பிள்ளையைத் தூக்க வேண்டாம். இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், எதிர்ப்புச்சக்திக் குறைபாட்டுச் சந்தேகம் இருக்கிறது என்று ஏற்ற முதலே வாட்டில் ஞாபகப்படுத்துங்கள்.

தெமட்டகொட_உம்மா

மூத்தவர்ட டயக்னோசிஸ் கார்ட் இருந்தா, எவ்வளவு பழசானாலும், கையோட எடுத்துட்டுப் போங்க. எங்களிட்டயும் முதல்ல கேட்டது அதத்தான். பொரளையில ஆள் தேவப்பட்டா இன்பொக்ஸ்ல சொல்லுங்க, என்ட வீடு கிட்டத்தான்.